அறுபத்திரண்டு மூடிகள்

என்னை எல்லோரும் ஃபைல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் விண்ணப்பத்தில் முப்பத்தொன்றாவது வரிசையில் இருக்கிறது, அதோடு சரி. ஒன்பது வருடம் நில அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததில் எனக்கு இரண்டு வித்தைகள் கைவந்தன. எந்தக் குமாஸ்தா எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவான் என்று கடிகாரம் பார்க்காமல் சொல்வேன். இன்னொன்று, எழுத்தைத் தலைகீழாக வாசிப்பேன். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்கு, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் தன் ஃபைலில் என்ன கிறுக்குகிறார் என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. வாய்விட்டுக் கேட்டால், "அடுத்த மாசம் வாங்க" என்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர்களே போன் செய்தார்கள். வெள்ளிக்கிழமை கள ஆய்வாம். ஒன்பது வருடமாக ஜீப் இல்லை, ஜீப் இருக்கு டயர் இல்லை, டயர் இருக்கு டிரைவர் லீவு என்று சொல்லிவந்தவர்கள் மூன்றே நாளில் வருகிறோம் என்றார்கள்.

"ஜீப் கெடைச்சிருச்சாங்க?" என்று கேட்டேன்.

"கம்பெனிக்காரங்க வண்டி தர்றாங்கம்மா" என்றாள் போனில் பேசிய பெண், நல்ல சேதி சொல்கிற குரலில்.

எங்கள் சரிவு முழுவதையும் கல் உடைக்கக் கேட்டு அந்தக் கம்பெனி விண்ணப்பம் போட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவர்களுடையது நான்கு பக்கம். ஒரு இயக்குநரின் கையெழுத்து, வானத்திலிருந்து எடுத்த ஒரு படம். அறுவடை முடிந்து மண் காய்ந்து கிடந்த மாதமாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். எங்கள் நிலம் அதில் பழுப்புத் துணி மாதிரி இருக்கும். கீழே 'பயன்பாட்டில் இல்லாத நிலம்' என்று ஒரு வரி. அவர்களுக்கு இருந்த ஒரே முட்டுக்கட்டை, அதே நிலத்துக்கு எங்கள் விண்ணப்பம் முன்னதாகவே நிலுவையில் கிடந்ததுதான். அதைத் தீர்க்காமல் அவர்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. ஆய்வு எங்களுக்குச் சாதகமாக முடிந்தால் பட்டா எங்களுக்கு. இல்லையென்றால் எங்கள் ஃபைல் தள்ளுபடி, மறுநாளே அவர்கள் ஃபைல் மேலே போகும்.

எங்களுடையது நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அறுபத்திரண்டு குடும்பத் தலைவர்களும் கையெழுத்துப் போட வேண்டும், அத்தனை பேரும் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் ஏழு பேர் செத்துப்போனார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஃபைல் திரும்பி வரும்: 'பட்டியலில் இறந்தவரின் பெயர் உள்ளது.' அப்புறம் வாரிசுச் சான்றிதழ், புதுப் பட்டியல், எல்லோரிடமும் மறுபடியும் கையெழுத்து. என் அண்ணன் பம்பு ஷெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவன் பெயரை எடுத்துவிட்டு அண்ணி பெயரைச் சேர்க்க எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அழக்கூட நேரமில்லாமல் அலைந்தேன். கம்பெனிக்கு இந்தத் தொல்லை கிடையாது. கம்பெனி சாகாது, அதனிடம் யாரும் வாரிசுச் சான்றிதழ் கேட்கப் போவதில்லை.

சாவைக்கூடச் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது, அது டப்பா.

எங்கள் நிலம் அறுபத்திரண்டு துண்டு. ஓடையை ஒட்டிய துண்டுகள் எதைப் போட்டாலும் விளையும். மேலே போகப் போகக் கல். யாருக்கும் காலத்துக்கும் கல்லே வாய்த்துவிடக்கூடாது என்பதற்காக, முதல் மழைக்கு முன்னால் எல்லோரும் பம்பு ஷெட்டில் கூடுவோம். பெயின்ட்டில் எண் எழுதிய சோடா பாட்டில் மூடிகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கும். குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுப்போம். எந்த எண் வந்ததோ அந்த வருடம் அந்தத் துண்டு. போன வருடம் தண்ணீர் ஓரம் இருந்தவன் இந்த வருடம் கல்லைப் பொறுக்குவான். முணுமுணுப்பான், திட்டுவான், ஆனால் மூடியைத் திருப்பிப் போட்டவன் எவனும் இல்லை.

இதற்குப் படிவத்தில் இடமில்லை. குடும்பத் தலைவர் பெயர், துண்டு எண், நான்கு எல்லை, சுய சாகுபடியா, ஆம் அல்லது இல்லை. அவ்வளவுதான். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பட்டாவாகக் கேட்கலாமே என்றால், அதற்கு நாங்கள் பதிவான சங்கமாக இருக்க வேண்டுமாம். சங்கத்தைப் பதிவு செய்யப் போனால் முதலில் நிலத்தின் பட்டாவைக் கொண்டு வா என்றார்கள். நான் அந்த இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் இருக்கும் சாலையில் நின்று ஒரு நாள் வாய்விட்டே திட்டியிருக்கிறேன். கடைசியில் ஒரு குமாஸ்தா, "இந்த வருஷம் யார் எங்க இருக்காங்களோ அதையே எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றான். எழுதிக் கொடுத்தேன். அந்த வருடம் எனக்கு விழுந்தது முப்பத்தொன்று, ஓடையோரம். அண்ணனுக்குப் பன்னிரண்டு, சாலையோரம். அதற்கப்புறம் டப்பா எட்டு முறை குலுங்கிவிட்டது. ஃபைலில் மட்டும் நாங்கள் எல்லோரும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

அதனால் வெள்ளிக்கிழமைக்கு ஒரே வழிதான் இருந்தது. அறுபத்திரண்டு பேரும் இந்த வருடத் துண்டை விட்டுவிட்டு, ஒன்பது வருடம் முந்தைய துண்டில் போய் நிற்க வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் பம்பு ஷெட்டில் ஒத்திகை நடந்தது. எங்கள் தலைவர் பம்பு மெக்கானிக். ஸ்பேனர் என்றுதான் அவருக்குப் பெயர். சட்டைப் பையில் பேனா இருக்காது, அது இருக்கும். நான் பட்டியலை வாசிக்க வாசிக்க அவர் ஒவ்வொருவரையாக விரட்டிப் பிடித்தார்.

"தையல்காரரே, நீங்க நாப்பது. நாப்பதுல என்ன பயிர் நிக்குது?"

"மக்காச்சோளம்."

"யாரு போட்டது?"

"என் மச்சான்."

"யோவ்! நாளைக்கு அது நீங்க போட்டது."

"நான் ரெண்டு மூட்டை வெத போடுறப்போ எட்டிப் பாக்காத ஆளு அவன், அவன் பயிர நாளைக்கு நான் போட்டதுங்கணுமா?" என்றார் தையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தேழாம் எண்ணில் ஒரு எல்லை தவறாக இருக்கிறதோ என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"முப்பத்தொண்ணு?" என்றார் ஸ்பேனர்.

"நான்."

"இப்ப அதுல இருக்கறது?"

"நான்தான்" என்று பின்னாலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். இந்த வருடம் முப்பத்தொன்று அவளுக்கு விழுந்திருந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு, உச்சியில், கல்லோ கல். "வெங்காயம். நாத்து நட்டு எட்டு நாளாச்சு. ஏ ஃபைல்காரி, பாத்து நில்லு, மிதிச்சுத் தொலைச்சிராத."

"பேப்பர்ல ஃபைல்காரிக்குத் தண்ணி ஓரம்" என்றான் யாரோ. "குடுத்துவெச்சவ. பட்டா வந்தா அப்படியே அமுக்கிருவா போல."

"பட்டா வந்தாலும் டப்பா குலுங்குமில்ல?" என்றாள் அண்ணி. "அப்புறம் என்ன."

அதைச் சொல்லிவிட்டு அவள் தலைமுடியை அள்ளி முடிந்தாள். மற்றவர்களும் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார்கள். நான் இருபத்தேழின் எல்லையைச் சரிபார்த்து முடித்திருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு வண்டி வந்தது. வெள்ளை வண்டி, கதவில் கம்பெனி முத்திரை. முன்சீட்டிலிருந்து ஆய்வாளர் இறங்கினார். ஐம்பது தாண்டிய மனிதர், வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். பின்சீட்டிலிருந்து கம்பெனி மேனேஜர் இறங்கினான். அவனைத் தொப்பி என்போம். அகலமான தொப்பி, அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. மரியாதை தெரிந்தவன். எல்லோருக்கும் வணக்கம் சொன்னான், ஆய்வாளருக்கு மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தான், எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினான்.

"இவரு எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"வண்டி அவங்களோடதும்மா. வெயில்ல அவர மட்டும் உள்ள உக்கார வெக்க முடியுமா?" என்றார் ஆய்வாளர். கெட்ட மனிதர் இல்லை. முழங்கால் வலிக்கிற மனிதர்.

ஒவ்வொரு துண்டாகப் போனோம். ஆய்வாளர் நாற்காலியைப் போட்டு உட்காருவார், மடியில் அட்டை, அட்டையில் படிவம். நான் எதிரே நிற்பேன். அவர் கேட்பதற்கு அவரவர் பதில் சொல்ல, என் கண் பேனா முனையிலேயே இருக்கும். முதல் துண்டு, 'சுய சாகுபடி. பரிந்துரைக்கலாம்.' இரண்டாவது, அதேதான். ஐந்தாவதில் ஒரு பாட்டி துண்டு எண்ணைக் கேட்டதும் தடுமாறினாள். "வயசாச்சு சார்" என்று நான் சமாளித்தேன்.

பன்னிரண்டில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். துவைத்த புடவை.

"எத்தனை வருஷமா பயிர் பண்றீங்க?"

"கல்யாணமாகி வந்ததிலேருந்து இந்த மண்ணுலதாங்க சார்."

அது பொய்யில்லை. இந்த மண்ணில்தான். அன்றைக்கு எங்கள் ஆட்கள் சொன்ன பதில்களில் பாதி அப்படித்தான், எந்தத் துண்டு என்பதை மட்டும் மெல்ல விழுங்கிய உண்மை. ஆய்வாளர் எழுதினார். 'சுய சாகுபடி. பரிந்துரைக்கலாம்.' பதினான்கு மாத அலைச்சல் அந்த மூன்று சொல்லில் வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் முறை முடிந்தது, வீட்டுக்குப் போ என்று அண்ணிக்குக் கண்ணைக் காட்டினேன். முடிந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் ஏற்பாடு.

திட்டப்படி பத்து மணிக்கு முப்பத்தொன்றுக்கு வந்திருக்க வேண்டும். ஆய்வாளரின் முழங்காலும் தொப்பியின் போன் பேச்சும் சேர்ந்து பன்னிரண்டாக்கிவிட்டன. பன்னிரண்டு மணிக்கு முப்பத்தொன்றுக்குத் தண்ணீர் முறை.

தண்ணீரை அன்றைக்கு நிறுத்தி வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யார் எங்கே நிற்பது, என்ன சொல்வது, யாரை வாய் திறக்க விடக்கூடாது என்று எல்லாவற்றையும் பேசினோம். தண்ணீர் முறையைப் பற்றிப் பேசவே இல்லை. ஃபைலுக்காக நாங்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறோம், ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். தண்ணீரைத் தள்ளிப்போட்ட பழக்கம் மட்டும் எங்களுக்கு இல்லை. ஸ்பேனர் காலையில் வழக்கம்போல பம்பைப் போட்டுவிட்டுத்தான் எங்களோடு நடந்து வந்தார்.

ஆய்வாளர் வரப்போரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் என் துண்டில், அதாவது ஃபைல்படி என் துண்டில், நின்றேன். விரல் நீள நாற்றுகள் வரிசையாகத் தலை தூக்கியிருந்தன.

"பயிர்?"

"வெங்காயம் சார். நட்டு எட்டு நாள்."

"ஆள் வெச்சா, சொந்தமாவா?"

"சொந்தமா."

எழுத ஆரம்பித்தார். நான் தலையைச் சாய்த்துப் படித்தேன். 'சுய சாகுபடி. பரிந்து...' பேனா நின்றது. மை வரவில்லை. உதறினார், அட்டையின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். அந்தச் சொல்லின் மிச்சம் வர வேண்டுமே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போனில் சிக்னல் தேடித் தொப்பி வரப்பு மேல் ஏறியது என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. ஈர வரப்பு அவன் பூட்ஸுக்குக் கீழே பொதுக்கென்று உள்வாங்கியது. வாய்க்கால் தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்த சத்தமும் காதில் விழுந்தது. நான் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கண்ணு எங்கடி வெச்சிருக்க!"

அண்ணி ஓடி வந்தாள். அவள் வீட்டுக்குப் போகவே இல்லை. தன் தண்ணீர் முறை தெரிந்து, ஓடைக்கரைப் புதர் மறைவில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். துவைத்த புடவையோடு சேற்றில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரி உடைப்பில் திணித்தாள். மூன்று வரிசை நாற்று அதற்குள் மிதந்துவிட்டது. "எட்டு நாளு நாத்து! கல்லு மாதிரி நிக்கிறியே!" என்று என்னைப் பார்த்துக் கத்தியவள், அப்போதுதான் ஆய்வாளரைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

தண்ணீர் மட்டும் அவள் விரலிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது.

"இவங்க பன்னெண்டுல நின்னவங்கதானே?" என்றார் ஆய்வாளர்.

"நாத்து இவங்களுது போலருக்கே" என்றான் தொப்பி, மெதுவாக, யாரையும் குற்றம் சொல்லாத குரலில். அந்தக் குரலுக்கே அவனை ஓடையில் தள்ளியிருக்கலாம்.

ஒன்பது வருடமாகக் கவுன்ட்டருக்குக் கவுன்ட்டர் வாயாடியவளுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. அண்ணிதான் எழுந்தாள். கைச்சேற்றைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அவள் எப்போதும் பேசாத ஒரு குரலில் சொன்னாள்:

"கூலிக்கு வந்தேங்க. இது இந்த அம்மாவோட நெலம். நட்டுக் குடுத்தது நான், அதான் பதறிட்டேன்."

இந்த அம்மா. என்னைத்தான் சொன்னாள். என் அண்ணன் பெண்டாட்டி, நான் வயதுக்கு வந்தபோது எனக்குத் தலை வாரி விட்டவள், தன் நிலத்தில் தன் நாற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு என்னிடம் கூலிக்கு வந்தவளாகிவிட்டாள்.

ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். நம்பினாரா என்று தெரியாது. வெயில், முழங்கால், இன்னும் முப்பத்தொரு துண்டு பாக்கி. "சரி" என்றார். அட்டையில் பக்கத்தைப் பின்னால் புரட்டினார், பன்னிரண்டுக்கு. மை வந்துவிட்டது. நான் தலைகீழாகப் படித்தேன். 'சுய சாகுபடி' என்பதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில், 'பிறர் நிலத்தில் கூலி. தகுதியில்லை. பட்டியலிலிருந்து நீக்கலாம்.'

பதினான்கு மாதம். செத்தவனை எடுத்துவிட்டு அவள் பெயரை எழுத வைக்க, ஒரே முத்திரைக்கு ஏழு முறை போயிருக்கிறேன். அது ஒரு கோட்டில் போனது. அண்ணிக்கு வாசிக்கத் தெரியாது. நேராகவும் தெரியாது, தலைகீழாகவும் தெரியாது. அவள் என்னைப் பார்த்து, சரியாகிவிட்டது என்பது போல லேசாகத் தலையசைத்தாள்.

"கூலி இல்ல சார்!" என்றேன். என் சத்தம் எனக்கே பயமாக இருந்தது.

"வாய மூடுடி" என்றாள் அண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

மூடவில்லை. "அவங்க கூலி இல்ல. இது அவங்க நெலம். நாத்து அவங்களுது. எனக்கு இந்த வருஷம் அம்பத்தெட்டு, அதோ மேல, கல்லுக்காடு. நாப்பதுல நிக்கிறவரு ஆறுல பயிர் பண்றாரு. பன்னெண்டு வேற ஆளோடது. நாங்க வருஷா வருஷம் மாத்திக்கிறோம் சார், குலுக்கிப் போட்டு. உங்க படிவத்துல அதுக்கு எடமில்ல, நாங்க என்ன பண்றது?"

சொல்லி முடித்தபோது ஸ்பேனர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். மேல் துண்டுகளில் தங்கள் முறைக்குக் காத்து நின்றவர்கள், என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "அப்ப காலையிலேருந்து முப்பது பேர் சொன்னது பொய்யாம்மா?"

"பொய் இல்ல சார். பழைய உண்மை."

அவருக்குச் சிரிப்பு வந்தது போல இருந்தது, அடக்கிக்கொண்டார். "குலுக்குறதுக்குப் பதிவு ஏதாவது வெச்சிருக்கீங்களா? நோட்டு, மினிட்ஸ்?"

ஸ்பேனர் எழுந்து ஓடினார். மூச்சு வாங்க டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். ஆய்வாளர் ஒரு மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். துருப்பிடித்த விளிம்பு, உள்ளே வெள்ளைப் பெயின்ட்டில் 19. "இத நான் எந்தக் கட்டத்துல ஒட்டுறது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. மூடியைப் பத்திரமாக டப்பாவிலேயே திருப்பிப் போட்டார். தொப்பி போனை எடுத்து டப்பாவை ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

"நான் பாத்ததத்தாம்மா எழுத முடியும்" என்றார் ஆய்வாளர். மிச்சத் துண்டுகளுக்கு அவர் போகவில்லை. வெள்ளை வண்டி மடக்கு நாற்காலியோடு கிளம்பிப் போனது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொருவராக, நின்ற துண்டை விட்டு இறங்கி, வரப்பில் ஒருவரையொருவர் கடந்து, இந்த வருடத் துண்டுகளுக்குப் போனார்கள். வேலை கிடந்தது. அண்ணி மிதந்த நாற்றுகளைப் பொறுக்கித் திரும்ப நட்டாள். நான் உதவப் போனேன். "போ" என்றாள். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. 'விண்ணப்பதாரர்கள் தத்தம் நிலத்தை அடையாளம் காட்டத் தவறினர். கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' ஒன்பது வருடத்துக்கு ஒன்றே கால் வரி. அதிலிருந்து பதினோராம் நாள் கம்பெனிக்குப் பத்திரம் கிடைத்தது. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து கணக்குப் பார்த்தேன். நாற்பத்து மூன்று நாள். அவர்கள் இயக்குநர் எந்தத் துண்டில் நிற்கிறார் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. மேல்முறையீடு செய்யலாம், அதற்குப் படிவம் தனி. அதற்குள் கம்பெனியின் நோட்டீஸ் பம்பு ஷெட் கதவில் ஒட்டப்பட்டது. நிற்கும் பயிரை எடுத்துக்கொள்ளப் பதினைந்து நாள் அவகாசம்.

வெங்காயம் அதற்குள் விளையாது. கோலிக்குண்டு அளவுதான் இருந்தது. பதினான்காம் நாள் காலையில் கூப்பிடாமலேயே முப்பத்தொன்றுக்குப் போனேன். அண்ணி குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். போ என்று சொல்லவில்லை. நான் அடுத்த வரிசையில் உட்கார்ந்தேன். உச்சியில், என் கல்லுக்காட்டில், கம்பெனி ஆட்கள் இரும்புக் கம்பம் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான்கு வரிசை முடிந்தது. மண்ணை உதறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் அண்ணி கேட்டாள்:

"அன்னிக்கு அவரு என்ன எழுதினாரு? எதையோ படிச்சுட்டுத்தானே குதிச்ச."

சொன்னேன். கோடு போட்டதை, கூலி என்று எழுதியதை, நீக்கலாம் என்று எழுதியதை. உங்கள் பெயரை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் அண்ணி, பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பேன் என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "என் பேரு மட்டுந்தானா?"

"ஆமா."

"மத்த அறுபத்தொண்ணும்?"

"நின்னிருக்கும். அவரு போற வேகத்துக்கு, நின்னிருக்கும்."

"டப்பாவுல எத்தனை மூடி?"

"அறுபத்திரெண்டு."

இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற முகம்.

"அறுபத்தொரு பேருக்குப் பட்டா வந்திருந்தா, அடுத்த மழைக்கு என் மூடிய எடுத்து வெளிய போட்டிருப்பீங்களா?"

எனக்குப் பதில் தெரியும். தையல்காரர் போட்டிருக்க மாட்டார், ஸ்பேனர் போட்டிருக்க மாட்டார், போன வருடம் அவளோடு வாய்க்கால் சண்டை போட்டவர்கள்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். கம்பெனி வந்திருக்காது, டப்பா குலுங்கியிருக்கும், அவள் கையை விட்டு ஒரு மூடியை எடுத்திருப்பாள். கூலி என்று தலைகுனிந்தபோது அவளுக்கு அது தெரிந்திருந்தது. அவ்வளவு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அதிகாரிகளின் மேசைக்கு முன்னால் ஒன்பது வருடம் நின்று நின்று, தாளில் பெயர் இல்லாதவளுக்கு நிலம் இல்லை என்று அவர்களைவிடக் கெட்டியாக நான் நம்பியிருந்தேன்.

"சொல்லு" என்றாள் அண்ணி.

"போட்டிருக்க மாட்டோம்."

அவள் தலையை ஆட்டினாள். மேலே கம்பம் அடிக்கும் சத்தம் நின்று, இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் பக்கத்தில், மறுபடி ஆரம்பித்தது.

"அந்த வரிசைய நீ பிடுங்கு" என்றாள். "நாளைக்குள்ள முடிக்கணும்."